இரண்டாம் தரம் கேளாத வீடு

அத்தியாயம் பதினொன்று

"பிள்ளைக்கு ஒண்டுமில்லை, பயப்படாதேங்கோ" என்று தொடங்குகிற அழைப்பை எந்தத் தாய் நம்பியிருக்கிறாள்?

விமலேஸ்வரி ரீச்சர் அன்று காலை அப்படித்தான் தொடங்கினார். பின்லாந்தில் படிக்கிற மகள் யதுர்ஷிகா மயங்கி விழுந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பார்த்து வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனாலும் இன்றைக்கே ஒருக்கால் வவுனியாவுக்கு வந்து போனால் நல்லது. போன கிழமை நாம் இராசமலரை விட்டுவந்தது இந்த இடத்தில்தான்: காதில் போன், கையில் பாதி துலக்கிய பானை.

இப்போது அவள் வவுனியா பஸ்ஸில் யன்னலோரமாக இருக்கிறாள். பக்கத்து இருக்கையில் முன்பின் தெரியாத ஒருவர் நித்திரை. அந்த இடத்தில் அவளுடைய கணவர் சிற்றம்பலம் இருந்திருக்க வேண்டும்.

வட்டக்கச்சியில் அன்று அவர்களுடைய வயலுக்கு வெட்டுமெஷின் வருகிற முறை. முறையை விட்டால் மெஷின் அடுத்த வாய்க்காலுக்குப் போய்விடும். பிறகு ஒரு மழை பெய்து நெல் படுத்துவிட்டால் வரம்பில் நின்று பார்க்க வேண்டியதுதான். சிற்றம்பலம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு படலை வரைக்கும் வந்தார்.

"கூப்பிடச் சொல்லும். பிள்ளை வரட்டும்."

"ரீச்சர் என்ன சொல்லுறா எண்டு முதல் கேப்பம்."

"விழுந்த பிள்ளையை அங்க வச்சுக்கொண்டு என்னத்தைக் கேக்கிறது?"

அதற்குமேல் அவர் நிற்கவில்லை. மெஷினின் சத்தம் ஒழுங்கையில் கேட்கத் தொடங்கியிருந்தது.

முறிகண்டியில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் கடலையும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். இராசமலர் இறங்கவில்லை. என்ன கேட்பது என்று தெரியவில்லை அவளுக்கு. பிள்ளை வரட்டும் என்றா, இருக்கட்டும் என்றா? இரண்டில் எதைக் கேட்டாலும் மற்றதைக் கேட்காமல் விட்ட குற்றம் வரும்.

யதுர்ஷிகா போனது ஆவணியில். பதினேழு வயது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஒரு வருடம் வெளிநாட்டு வீடுகளில் தங்கிப் படிக்க அனுப்புகிற பரிமாற்றத் திட்டத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்து எடுபட்டவள் அவள் ஒருத்திதான். ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர். அங்கே மர வீடு. வீட்டுக்காரி மர்யா, ஆஸ்பத்திரியில் தாதி. அவளுடைய கணவர் லொறி ஓட்டுகிறார், கிழமையில் பாதி நாள் தெருவில். ஏரி உறைந்து கிடக்க, அதன்மேல் ஆட்கள் தெருவில் நடப்பதுபோல் நடக்கிற படம் ஒன்றை யது அனுப்பியிருந்தாள். இரணைமடுக் குளத்தின்மேல் தான் நடந்து போவதாக அன்றைக்கு இராசமலர் கனவு கண்டாள். அக்கரையில் யாரும் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ கோல் வரும். போனைச் சீனிப் பேணியில் சாய்த்து வைத்துவிட்டு எல்லோரும் முன்னால் இருப்பார்கள். எல்லோரும் என்றால், பக்கத்து வீட்டு அமராவதியக்கா, அவருடைய மருமகள், வாய்க்கால் அலுவலாக வந்து நின்ற யாராவது ஒருவர்.

"பனியைக் காட்டு பிள்ளை" என்பார் அமராவதியக்கா.

யது போனை யன்னலுக்குத் திருப்புவாள். எல்லோரும் வெள்ளையைப் பார்ப்பார்கள்.

"சாப்பிட்டியா?"

"ஓம், சாப்பிட்டனான்."

எங்கள் ஊர்களில் அந்தக் கேள்வி சுகம் விசாரிப்பதோடு சேர்ந்தது. பதிலுக்காக யாரும் அதைக் கேட்பதில்லை.

கோல் முடிந்ததும் அமராவதியக்கா பனியைப் பற்றிக் கதைத்தபடியே போய்விடுவார். இராசமலர் சீனிப் பேணியைக் குசினிக்குள் கொண்டுபோய் வைப்பாள். மகளோடு தான் ஒன்றுமே கதைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைக்கும். மூத்தவன் ஜெயந்தன் வவுனியாக் கம்பஸில் படிக்கிறான். வீட்டில் அவளும் சிற்றம்பலமும். இருவரும் இரண்டு தட்டைக் கழுவி வைப்பார்கள். ஒருவருக்கொருவர் சொல்லாத ஏதோ ஒன்று அடுத்த ஞாயிறு வரைக்கும் அந்த வீட்டில் கிடக்கும்.

வவுனியா பஸ் நிலையத்தில் ஜெயந்தன் மோட்டார் சைக்கிளோடு நின்றான்.

"என்னம்மா, அழுதனீங்களோ?"

"பஸ்ஸில புழுதி."

"ஏ நைன் தெருவில எங்கையம்மா புழுதி? காப்பெட் றோட்டு."

"நீ ஒரு வளந்த பிள்ளை மாதிரிக் கதைக்கப் பழகு."

"காலமை சாப்பிட்டனீங்களோ?"

"எனக்கு ஒண்டும் வேண்டாம். நேர ரீச்சரிட்டைப் போவம்."

அவன் அதைக் கேளாததுபோல் மோட்டார் சைக்கிளை ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் நிறுத்தி, இரண்டு ரோல்ஸும் ஒரு தேத்தண்ணியும் சொன்னான்.

"வேண்டாமெண்டனான் எல்லே?"

"ஒருக்காத்தானே சொன்னனீங்கள். மூண்டு தரம் சொல்லுங்கோ, பிறகு நம்புறன்."

இராசமலர் இரண்டு ரோல்ஸையும் சாப்பிட்டாள். எவ்வளவு பசித்திருந்தது என்பது சாப்பிட்டு முடிந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. ஜெயந்தன் தேத்தண்ணியை அவள் பக்கம் தள்ளினான்.

விமலேஸ்வரி ரீச்சரின் அலுவலகம் ஓர் இரும்புக் கடைக்கு மேல்மாடியில். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். வடக்கிலிருந்து போகிற பிள்ளைகளின் நன்மை தின்மையைப் பார்க்கிற பொறுப்பு இப்போது அவருடையது. ஊரில் சிலர் அவரை ஏஜென்சிக்காரி என்பார்கள். அதைக் கேட்டால் ரீச்சருக்குக் கோபம் வரும்.

"இருங்கோ இராசமலர். முதல் ஒண்டு சொல்லுறன். பிள்ளைக்கு ஆராலையும் ஒரு கரைச்சலும் இல்லை. அதை விசாரிச்ச பிறகுதான் உங்களுக்கு எடுத்தனான்."

இராசமலர் அப்போதுதான் கதிரையில் இருந்தாள்.

"டொக்டர் வருத்தம் ஒண்டுமில்லை எண்டிட்டார். ஆனா உடம்பில சீனி குறைஞ்சுபோச்சு. ஆளும் நல்லா மெலிஞ்சிட்டாள். கிட்டடியில அவள் ஒழுங்காச் சாப்பிடேல்லை."

"அந்த மனிசி சாப்பாடு குடுக்கிறேல்லையோ?" ஜெயந்தன் கதிரையிலிருந்து எழும்பிவிட்டான்.

"நீ இரு தம்பி. மர்யாவோட நேற்று ராத்திரி நானே கதைச்சனான். அழுகுது அந்த மனிசி. ஒவ்வொரு நாளும் சாப்பிடக் கேக்கிறவவாம். பிள்ளை சிரிச்சுக்கொண்டு வேண்டாமெண்டு சொல்லிப்போட்டு அறைக்குள்ள போயிடுவாளாம். தங்கட சாப்பாடு பிடிக்கேல்லை, தங்களையும் பிடிக்கேல்லை எண்டு நினைச்சவவாம். வற்புறுத்தினா பிள்ளைக்குச் சங்கடமெண்டு விட்டிட்டாவாம்."

இராசமலர் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தாள்.

"எத்தினை தரம் கேட்டவா?"

"ஒவ்வொரு நாளும் எண்டுதான் சொன்னவா."

"அப்பிடியில்லை ரீச்சர். ஒரு நேரச் சாப்பாட்டுக்கு எத்தினை தரம்?"

ரீச்சர் கொஞ்சம் யோசித்தார். "ஒருக்கா. அங்க அப்பிடித்தான். வேண்டாம் எண்டு சொன்ன ஆளைத் திருப்பிக் கேக்கிறது மரியாதையில்லை."

ஜெயந்தன் திரும்பவும் கதிரையில் இருந்தான். அவனுடைய முகம் மாறியிருந்தது.

"தைப்பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் மெசேஜ் போட்டவள் அம்மா. 'அண்ணா, வேண்டாமெண்டு சொன்னா இஞ்ச ஏன் திருப்பிக் கேக்கினமில்லை' எண்டு. நான், உன்ர மூஞ்சியைப் பாத்தா ஆர் திருப்பிக் கேப்பினம் எண்டு எழுதினனான்."



கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் பிடித்த வாடகை வானுக்குள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தான் சொன்னதெல்லாம் இராசமலருக்கு வரிவரியாக ஞாபகம் வந்தது. ரீச்சர் ஒரு கிழமை வகுப்பு வைத்து என்னென்னவோ படிப்பித்துத்தான் அனுப்பினார். ஆனால் அடுத்தவர் வீட்டில் இருப்பதைப் பற்றி ரீச்சருக்கு என்ன தெரியும் என்று அப்போது இராசமலர் நினைத்தாள். தான் பிள்ளைப் பருவத்தில் பாதியை அடுத்தவர் வீட்டு விறாந்தைகளில் கழித்தவள். அதில் தனக்குத் தெரியாத பாடம் இல்லை.

தராமல் ஒன்றும் எடுக்காதே. கேட்டவுடனே ஓம் என்று சொல்லாதே, காய்ந்து கிடந்தவள் என்று நினைப்பார்கள். அவர்களுடைய குசினிக்குள் தேவையில்லாமல் போகாதே. பிரிஜ்ஜைத் திறக்காதே. வாய் திறந்து குறை சொல்லாதே.

யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து அக்கராயனில் ஒரு வீட்டில் இருந்தபோது அவளுக்கும் ஏறக்குறைய யதுவின் வயதுதான். பசியில் ஒருநாள் அந்த வீட்டுப் பானையின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். எடுக்கவில்லை, பார்த்தது மட்டும்தான். வீட்டுக்காரி கண்டாள். ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து பானை உள்ளறைக்குப் போய்விட்டது.

அந்தப் பானையின் பயத்தையும் சேர்த்துத்தான் இராசமலர் தன் மகளைப் பின்லாந்துக்கு அனுப்பியிருந்தாள்.

"இனிச் சொல்லுறதைக் கவனமாக் கேளுங்கோ" என்றார் ரீச்சர். "ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த வீட்டைச் சேராத ஒரு ஆளை அங்க வச்சிருக்கிறம், மனம் விட்டுக் கதைக்க. யதுவுக்குக் கைசா எண்டு ஒரு பொம்பிளை. நாளைக்குக் கைசா பிள்ளையைத் தனியக் கூட்டிக்கொண்டு போய்க் கேப்பா. அந்த வீட்டில இருக்கிறதோ, வேற வீட்டுக்கு மாறுறதோ, இஞ்ச வாறதோ எண்டு. அவள் சொல்லுறதை வச்சுத்தான் நாங்கள் முடிவெடுப்பம்."

"அப்ப எங்களை ஏன் கூப்பிட்டனீங்கள்?"

"தாய் தகப்பன் கூப்பிடச் சொன்னா, பிறகு பிள்ளையைக் கேக்க இடமில்லை. கொழும்பு அலுவலகத்தில உடனே ரிக்கற் போட்டிடுவினம். உங்கட விருப்பத்தை இண்டைக்கு நான் அறிவிக்கவேணும். அய்யாவும் பின்னேரத்துக்குள்ள எனக்கு எடுத்துச் சொல்லவேணும்."

"நான் பிள்ளையோட கதைக்கலாமோ?"

ரீச்சர் எழும்பித் தன்னுடைய உள்ளறைக் கதவைத் திறந்துவிட்டார்.

"கதையுங்கோ. நாளைக்கு என்ன சொல்லவேணும் எண்டு மட்டும் சொல்லிக் குடுக்காதேங்கோ. தம்பி, நீ என்னோட இரு."

அந்த அறையில் ஒரு மேசையும் ஒரு கதிரையும் இருந்தன. போனைச் சாய்த்து வைக்க ஒன்றுமில்லை. இராசமலர் அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

யது தொப்பி போட்டிருந்தாள். அங்கே காலை. ஆனால் வெளிச்சம் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

"அம்மா, மற்றாக்கள் எங்க?"

"ஒருத்தருமில்லை. நான் மட்டும்தான்."

"அப்பா?"

"வயலில. இண்டைக்கு வெட்டு."

"அமராவதியக்கா?"

"ஒருத்தருமில்லை எண்டு சொல்லுறன் எல்லே."

யது முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தாள், தாயின் தோளுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பவள்போல. பிறகு தொப்பியைக் கழற்றினாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இவ்வளவு ஞாயிற்றுக்கிழமைகளில் பனியைத்தான் பார்த்திருக்கிறோம் என்று இராசமலர் நினைத்தாள்.

"சாப்பிட்டியா?"

"ஓம்."

"என்ன சாப்பிட்டனி?"

அதை அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

"நேற்று ஆஸ்பத்திரியால வந்தாப் பிறகு மர்யா பாணும் சூப்பும் அறைக்கே கொண்டுவந்து தந்தவா."

"அதுக்கு முதல்?"

"பள்ளிக்கூடத்தில மத்தியானம் எல்லாருக்கும் சாப்பாடு குடுப்பினம் அம்மா. நான் அங்க நல்லாச் சாப்பிடுவன். ரெண்டாந்தரம் போட்டாலும் ஒருத்தரும் பாக்காயினம்." குரல் இறங்கியது. "போன கிழமை முழுக்க லீவு. பனியில சறுக்கி விளையாடுறதுக்கெண்டு இஞ்ச ஒரு லீவு விடுவினம்."

"லீவுக்கு வீட்டில ஆர் நிண்டது?"

"மர்யாதான். அவவுக்குப் பின்னேர வேலை. பிரிஜ்ஜுக்குள்ள எல்லாம் இருக்கு, எடுத்துச் சாப்பிடு எண்டு சொல்லிப்போட்டுப் போவா."

"எடுத்தனியா?"

யது கீழே பார்த்தாள்.

"நீங்கள்தானே அம்மா சொன்னனீங்கள்."

வெளியே ஸ்ரேஷன் பக்கமாக ஒரு ரயில் வந்து நின்றது. ஆட்களின் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"அவை கேக்கிறவைதான்" என்றாள் யது. "நான் வேண்டாம் எண்டுவன். திருப்பிக் கேப்பினம் எண்டு கொஞ்சம் நிப்பன். கேக்காயினம். பிறகு நானாப் போய் வேணும் எண்டு சொல்ல வெக்கம். முதல் தரமே ஓம் எண்டு எப்பிடியம்மா சொல்லுறது?"

"யது, எழும்பு."

"ஏன்?"

"குசினிக்குப் போ."

"மர்யா மேல நிக்கிறா."

"நிண்டா நிக்கட்டும். நீ போ. போனைக் கையில வச்சிரு."

படம் ஆடியது. மரப்படி, ஒரு சப்பாத்து வரிசை, மஞ்சள் விளக்கு. பிறகு ஒரு வெள்ளைக் கதவு. மகள் அதற்கு முன்னால் நின்றாள். எவ்வளவு நேரமும் அப்படியே நின்றிருப்பாள்.

"திற."

"அம்மா..."

"நான்தான் திறக்க வேண்டாமெண்டனான். இப்ப நான்தான் சொல்லுறன். திற."

கதவு திறந்த சத்தம் கேட்டது. பால், முட்டை, சீஸ், ஒரு சட்டி. யது போனை மெதுவாக மேலிருந்து கீழே நகர்த்தினாள். பிரிஜ்ஜின் நடு அடுக்குத் தட்டு வந்தது. அதன் விளிம்பில் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டியிருந்தது.

"அது என்ன எழுதியிருக்கு?"

"என்ர பேர்."

அந்தத் தட்டில் இரண்டு கோப்பைத் தயிர், ஒரு வாழைப்பழச் சீப்பு, மாங்காய் ஊறுகாய்ப் போத்தல் ஒன்று. போத்தலின் மூடி இன்னும் திறபடவில்லை.

"வந்த முதல் கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு வந்து ஏதோ காட்டினவா" என்றாள் யது. "கெதிகெதியா இங்கிலீசில சொன்னவா. எனக்கு விளங்கேல்லை. நான் தலையாட்டினனான்." சற்றுப் பொறுத்து, "தயிர் புதுசு அம்மா. திகதி போட்டிருக்கு. பழையதை எறிஞ்சுபோட்டுத் திருப்பித் திருப்பி வாங்கி வச்சிருக்கிறா."

அப்போதுதான் படியில் காலடி கேட்டது. யது பிரிஜ்ஜை மூடப் போனாள்.

"மூடாதை."

ஒரு பெண்ணின் குரல், தாழ்ந்த குரல், ஒரு சின்ன வசனம் சொன்னது. வீட்டுச் சட்டையும் கம்பளிக் காலுறையும் இராசமலருக்குத் தெரிந்தன. முகம் தெரியவில்லை.

"என்ன கேக்கிறா?"

"பசிக்குதோ எண்டு."

"ஓம் எண்டு சொல்லு."

யது ஒன்றும் சொல்லவில்லை. மர்யாவும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுடைய வழக்கப்படி அவள் இரண்டாம் தரம் கேட்கப்போவதில்லை. இன்னும் ஒரு கணத்தில் அந்தக் கம்பளிக் காலுறை திரும்பி நடந்துவிடும். இராசமலர் பல்லைக் கடித்துக்கொண்டாள். தான் வாய் திறந்தால் தன்னுடைய குரலுக்காகத்தான் பிள்ளை சொல்வாள்.

யது சொன்னாள். அந்த ஊர் மொழியில் ஒரு சிறிய சொல். மிக மெதுவாக.

பிறகு ஒரு கதிரை இழுபட்டது. அடுப்பில் சட்டி வைக்கிற சத்தம். போனை மேசையில் படுக்கவைத்துவிட்டாள்போல. இராசமலருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வெள்ளைக் கூரை முகடு. கரண்டி தட்டில் படுவது கேட்டது. அவள் அந்த முகட்டைப் பார்த்துக்கொண்டு, மகள் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் இருந்தாள்.

யது திரும்பவும் தன் அறைக்கு வந்தபோது கண் சிவந்திருந்தது. உருளைக்கிழங்கு சூப் என்றாள். உப்பு இல்லை என்றாள். ஊறுகாயைப் போட்டுச் சாப்பிட்டதை மர்யா பார்த்துச் சிரித்தாள் என்றாள்.

இராசமலருக்கு நெஞ்சு இளகியது. எல்லாம் சரிவந்துவிட்டது, இவ்வளவுதான் விஷயம் என்று தோன்றியது. ரீச்சர் சொன்னதையும் மறந்தாள்.

"அப்ப நாளைக்குக் கைசா கேக்கேக்க என்ன சொல்லப்போறாய்? இருக்கிறன் எண்டுதானே?"

மகளின் முகம் மூடிக்கொண்டது. அதை இராசமலர் கண்ணால் கண்டாள்.

"பசி மட்டுமில்லை அம்மா."

"அப்ப என்ன?"

"நாளைக்குச் சொல்லுவன்."

"எனக்கு இப்ப சொல்லு. ஒருத்தரும் இல்லையெல்லே இஞ்ச."

"உங்களுக்குச் சொன்னா நீங்கள் உடனே ஒரு வழி சொல்லுவீங்கள். நான் அதைச் செய்வன்." யது அதைக் கோபமாகச் சொல்லவில்லை. களைத்த குரலில் சொன்னாள். "எனக்கு என்ன வேணும் எண்டு எனக்கே இன்னும் தெரியேல்லை. முதல் கைசாவோட கதைக்கிறன்."

"அவ ஆர், உன்ர அம்மாவோ?" என்று கேட்க வாய் வந்தது. இராசமலர் கேட்கவில்லை.

"சரி" என்றாள். "தொப்பியைப் போடு."

வெளியே வந்தபோது ரீச்சர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். ஜெயந்தனும் பார்த்தான்.

"என்ர விருப்பம் எண்டு ஒண்டும் எழுதாதேங்கோ ரீச்சர். நாளைக்கு அவளைக் கேளுங்கோ."

"நல்லது. அய்யா?"

"அவரை நான் போய்க் கண்டு சொல்லவேணும். போனில சொன்னா மெஷின் சத்தத்தில கேளாது."

பஸ் நிலையத்தில் ஜெயந்தன் தாயைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு யன்னலடியில் நின்றான். அவனுடைய கையில் போன். தங்கைக்கு ஏதோ எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தான்.

"நானும் வரட்டோ அம்மா?"

"வேண்டாம்."

"மூண்டு தரம் சொல்லுங்கோ."

"உனக்கு நாளைக்குச் சோதினை. போய்ப் படி."

மாங்குளம் கடக்கும்போது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. கடைகளின் முன்னால் ஆட்கள் பஸ்ஸுக்கு நின்றார்கள், குடும்பம் குடும்பமாக. அவர்களை எல்லாம் ஒரு கண்ணாடிக்கு அப்பால் பார்ப்பதுபோல் இருந்தது இராசமலருக்கு. பிள்ளைக்குப் பசி என்று தெரிந்தபோதும் அவளுக்கு இவ்வளவு தனிமை தோன்றவில்லை. அது தன் கையால் தீர்க்கக்கூடியதாக இருந்தது. அந்த மர வீட்டுக்குள் தனக்குத் தெரியாத இன்னொன்று இருக்கிறது. மகள் அதை அறிமுகமில்லாத ஒரு பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறாள். அப்படிக் கொடுக்க ஓர் ஆள் இருப்பதற்காகச் சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. சந்தோஷம் வரவில்லை.

வீட்டுக்குப் போகாமல் நேரே வயலுக்குப் போனாள். முக்கால்வாசி வெட்டு முடிந்திருந்தது. சிற்றம்பலம் தலையிலிருந்த துவாயை அவிழ்த்துக்கொண்டு வரம்பால் வந்தார். முகமெல்லாம் வைக்கோல் தூசி.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வானுக்குள் தான் சொன்னதையும், பேர் ஒட்டிய தட்டையும், உப்பில்லாத சூப்பையும். மெஷின் கிட்ட வரும்போது நிறுத்தி, தள்ளிப் போனதும் தொடர்ந்து சொன்னாள்.

"மார்கழியிலயே கண்டனான்" என்றார் சிற்றம்பலம். "கழுத்தெலும்பு தெரிஞ்சது."

"கண்டுபோட்டு ஏன் சொல்லேல்லை?"

"அமராவதி பக்கத்தில இருந்தவா."

"அவ போனாப் பிறகு?"

அவர் துவாயை உதறினார். "நீர் சீனிப் பேணியை எடுத்துக்கொண்டு உள்ள போயிட்டீர். நீரும் கண்டிருப்பீர், வேணுமெண்டுதான் கதைக்கேல்லையாக்கும் எண்டு நினைச்சன்."

மெஷின் வந்தது, திரும்பியது, போனது.

"இப்ப என்ன சொல்லுறாள்? வாறாளாமோ?"

"எனக்குச் சொல்லேல்லை. நாளைக்குச் சொல்லுவாள்."

"ஆருக்கு?"

"கைசாவுக்கு. அங்க அவளுக்கெண்டு வச்சிருக்கிற பொம்பிளைக்கு."

"தாய்க்குச் சொல்லாததை ஊர் பேர் தெரியாத மனிசிக்குச் சொல்லுவாளோ?"

"எங்களுக்குச் சொல்லேலாதது இருக்குமெண்டுதான் அந்த மனிசியை வச்சிருக்கினம்."

மயங்கி விழுந்த செய்தியைவிட இதுதான் அவரை அடித்தது. அவர் நின்ற நிலையில் அது தெரிந்தது.

"நான் கூப்பிடச் சொன்னா?"

"ரிக்கற் போட்டிடுவினம். பிறகு அவளை ஒருத்தரும் கேக்காயினம். நாங்களும் கேக்கமாட்டம். கோழி அடிச்சுக் குழம்பு வைப்பம், ஊர் முழுக்க வந்து பாக்கும்." அவள் போனை எடுத்து நீட்டினாள். "ரீச்சர் பாத்துக்கொண்டிருப்பா. நீங்கள் எடுத்துச் சொல்லவேணுமாம்."

"நீர் என்ன சொன்னீர்?"

"அவளைக் கேளுங்கோ எண்டன்."

சிற்றம்பலம் போனை வாங்கினார். கையைச் சாரத்தில் துடைத்து, ரீச்சரின் இலக்கத்தைத் தேடி அழுத்தினார். காதில் வைத்துக்கொண்டு, வெட்டி முடிந்த வயலுக்குள் இறங்கி நடந்தார். தாள்கட்டையில் கால் இடறியது. நிற்கவில்லை. அடுத்த வரம்பையும் தாண்டிப் போய், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அவர் கதைக்கத் தொடங்கியது தோள் அசைந்ததில் தெரிந்தது. மெஷின் அந்தப் பக்கம் திரும்பி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு சொல்லும் இங்கே வரவில்லை. ஒருமுறை தலையாட்டினார். பிறகு கையை நெற்றியில் வைத்தபடி வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

இரண்டு வரம்பு நடந்தால் கேட்கும். இராசமலர் ஒரு காலை எடுத்து வைத்தாள். பிறகு அதைத் திரும்ப எடுத்து, இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.